சான்றிதழுக்கும் முதற் சம்பளத்துக்கும் இடையில்

என் மேசைக்கு முன்னால் வந்து அமரும் தாய்மார் கேட்கும் முதற் கேள்வி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். போன மாதம் வந்த ஓர் உம்மாவும் அதையே கேட்டார். 19 வயது மகனைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, குளிரூட்டல் மற்றும் வளிச்சீராக்கல் பயிற்சிக்காக நான் நீட்டிய விண்ணப்பத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, “மகள், இத முடிச்சா கவர்மென்ட்ல எடுப்பாங்களா?” என்றார். “இல்ல உம்மா, இது பயிற்சி. வேலைய வெளியிலதான் தேடணும்” என்று நான் சொன்னதும், அவர் அந்தத் தாளை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். நிரப்பித் தர நினைப்பவர்கள் விண்ணப்பத்தை நான்காக மடிப்பதில்லை.

அவரைக் குறைசொல்லும் தகுதி எனக்கில்லை. கிழக்குப் பல்கலைக்கழகத்தில் கலைப்பட்டம் பெற்று வெளியே வந்தபின், 2017இல் மட்டக்களப்புக் காந்தி பூங்காவிலும் யாழ்ப்பாணத்திலும் எங்கள் திருகோணமலையிலும் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் வீதியோரம் இருந்த நாட்களில், நானும் தறப்பாளுக்குக் கீழே பாய் விரித்து இருந்தவள்தான். அந்த வேளையில் எவராவது வந்து, நீர்க்குழாய் பொருத்துவதற்கு ஆறு மாதப் பயிற்சி இருக்கிறது, போகிறீர்களா என்று கேட்டிருந்தால் அதை அவமானமாகவே எடுத்துக்கொண்டிருப்போம். அத்தனை வருடம் படித்தது நியமனக் கடிதத்துக்காக என்பதில் எங்களுக்கோ வீட்டாருக்கோ ஐயம் இருக்கவில்லை. எங்களுக்கு முன்னிருந்த அணிகளுக்கு அது பிந்தியாவது வந்திருந்தது. எனவே எங்களுக்கும் வரும் என்று காத்திருந்தோம்.

வந்தது. 50,000 பட்டதாரிகளை ஒரே வீச்சில் பயிலுனர்களாகச் சேர்க்கும் திட்டம் 2020இல் அறிவிக்கப்பட்டு, தேர்தலால் இடையில் நின்றுபோய், செப்டெம்பரில் மறுபடி உயிர்பெற்றபோது என் கையிலும் ஒரு கடிதம் கிடைத்தது. ஒரு வருடப் பயிற்சி, மாதம் 20,000 ரூபா கொடுப்பனவு. அம்மா அந்தக் கடிதத்தைக் கோணேசர் கோயிலுக்குக் கொண்டுபோய் வைத்து எடுத்து வந்தார். நான் முதலில் அனுப்பப்பட்ட அலுவலகத்தில் பயிலுனர் எட்டுப் பேருக்கு மூன்று கதிரைகள் இருந்தன. வரவு இடாப்பில் கையொப்பமிட்டபின் அன்றைக்கு எங்களுக்கு என்ன வேலை என்று சொல்ல எவருக்கும் தெரியவில்லை. அதனால் மணிக்கொரு தடவை கதிரை மாறி அமர்ந்து, ஜன்னலுக்கு வெளியே வாகனத் தரிப்பிடத்தில் நின்ற வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எங்களுக்கு அளிக்கப்பட்ட பயிற்சியின் பெரும்பகுதி அதுவே. அரசாங்கம் எங்கள் வேலையின்மையைத் தீர்க்கவில்லை, அதற்கு ஒரு சம்பளப் பட்டியலைத் தயாரித்துக் கொடுத்தது என்று எங்களுள் ஒருவர் அன்று சொன்னதை இன்றும் மறக்க முடியவில்லை.

இப்போது அபிவிருத்தி உத்தியோகத்தராக நிரந்தரமாகி, மாவட்டத்துப் பிரதேச செயலகங்களுள் ஒன்றில் தொழில் வழிகாட்டலுக்கு உதவும் பொறுப்பில் இருக்கிறேன். தினமும் காலையில் கிண்ணியாப் பாலத்தைக் கடந்து போகிறேன். 2009இல் அந்தப் பாலம் திறக்கப்படும் வரை அவ்விடத்தில் பாதைப் படகுக்குக் காத்திருக்க வேண்டும்; மூதூர்ப் பிள்ளைகள் நகரத்துக்கு வருவதானால் குடாவைக் குறுக்கே கடக்கும் லோஞ்சே வழி. பயிற்சி நிலையம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அங்கு போய்ச் சேரும் வழி தினமும் இரண்டு மணித்தியாலத்தைத் தின்றால் அது இல்லாததற்குச் சமம் என்பதை, இந்த மாவட்டத்தில் பிறந்தவர்களுக்கு எவரும் விளக்கத் தேவையில்லை.

உதவி தேடி வருபவர்களுக்கு முதலில் ஏற்படும் மலைப்பு, எந்தக் கதவைத் தட்டுவது என்பதுதான். தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபை, தொழிற்பயிற்சி அதிகாரசபை, தேசிய இளைஞர் சேவைகள் மன்றம், தொழில்நுட்பக் கல்வி பயிற்சித் திணைக்களத்தின் கீழுள்ள தொழில்நுட்பக் கல்லூரி, உயர் தொழில்நுட்ப நிறுவகம், மனிதவலு வேலைவாய்ப்புத் திணைக்களம் என்று பெயர்களைச் சொல்லிக்கொண்டே போனால் எதிரில் இருப்பவரின் கண் மெல்ல மங்குவதைப் பார்க்கலாம். இவை ஒரே நாளில் ஒரே யோசனையிலிருந்து பிறந்தவையல்ல. 1971இல் தெற்கு இளைஞர்கள் நடத்திய ஆயுதக் கிளர்ச்சிக்குப் பிறகு, படிப்புக்கும் கிடைக்கும் வேலைக்கும் இடையிலுள்ள பொருத்தமின்மையே இந்த நாட்டின் நோய் என்று டட்லி சியர்ஸ் தலைமையிலான சர்வதேச தொழில் தாபனக் குழு அறிக்கையிட்டது. அதே ஆண்டின் 49ஆம் இலக்கச் சட்டம் பயிலுனர் முறையை அரசின் பொறுப்பாக்கியது. 1979இல் இளைஞர் சேவைகள் மன்றத்துக்கான சட்டம் வந்தது. 1987க்கும் 1989க்கும் இடையில் தெற்கு மறுபடி எரிந்து அடங்கியபின், இளைஞர் பற்றிய ஜனாதிபதி ஆணைக்குழு 1990இல் தன் அறிக்கையைக் கொடுத்தது. அதே 1990இன் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு உருவாயிற்று. 1995இல் தொழிற்பயிற்சி அதிகாரசபைக்கு ஒரு தனிச் சட்டம். வேலையற்ற இளைஞரைப் பற்றி இந்த அரசு யோசித்ததெல்லாம் பெரும்பாலும் அவர்களுக்குப் பயந்த பிறகுதான் என்று இந்த ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுகிறது. வடக்கிலும் கிழக்கிலும் அந்த யோசனை வந்து சேர்வதற்குள் எங்கள் இளைஞர்கள் வேறு திசையில் போய்விட்டார்கள். அதை இங்கே விரித்து எழுத வேண்டியதில்லை.

இத்தனை நிறுவனங்களையும் ஒரு நூலில் கோத்தது தேசிய தொழிற்தகைமை முறைதான். என்விகியூ என்றால்தான் பிள்ளைகளுக்குப் புரியும். ஏழு மட்டங்கள், நான்காம் மட்டம் வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாவது பட்டத்துக்கு நிகரானது. நான்காம் மட்டம் என்பது மேற்பார்வையாளர் அருகில் நிற்காமலே வேலையை முடிக்கத் தெரிந்தவர் என்று பொருள்படும். சாதாரண தரத்தில் கணிதம் சித்தியடையாத ஒருவர் இந்தப் படிகளில் ஏறி, 2008இன் சட்டத்தால் உருவான இரத்மலானைத் தொழிற்கல்விப் பல்கலைக்கழகத்தின் வாசல் வரை போகலாம் என்பது தாளில் எழுதப்பட்டிருக்கிறது. தாளில் உள்ளது பொய்யல்ல. ஆனால் உயர்தரத்தில் பல்கலைக்கழகத்துக்குத் தகுதி பெறுவோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குத்தான் அரச பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கும் நாட்டில், மற்ற மூவரும் இந்தப் படியில் ஏன் முண்டியடித்து ஏறவில்லை என்பதுதான் கேள்வி.

இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்த ஓர் அம்சம், அதில் ‘சித்தியடையவில்லை’ என்ற சொல் இல்லாமை. மதிப்பீட்டாளர் ‘தேர்ச்சி பெற்றவர்’ என்றோ ‘இன்னும் தேர்ச்சி பெறவில்லை’ என்றோதான் எழுதுவார். அந்த ‘இன்னும்’ என்ற சொல்லின் மதிப்பை ஒரு மேசனிடம் கண்டேன்.

அவருக்கு 28 வயது. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, சித்தப்பாவோடு கட்டட வேலைக்குப் போய்ப் பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஊரில் அவரை எல்லோரும் பாஸ் என்றே கூப்பிடுவார்கள். வகுப்புக்கே போகாமல், ஏற்கெனவே கைக்கு வந்த தொழிலைச் செய்து காட்டி என்விகியூ பெறும் வழி ஒன்று இருக்கிறது. முன்கற்றலை அங்கீகரித்தல் என்று அதற்குப் பெயர். கட்டார் வேலைக்குச் சான்றிதழ் கேட்டார்கள் என்பதற்காக அவர் அந்த வழியாக வந்தார். மதிப்பீட்டு நாளன்று நானும் போய் ஒரு மரநிழலில் நின்றேன். கட்டு மூலை ஒன்றை எழுப்பச் சொன்னார்கள். அவர் சாந்தைக் கரண்டியால் அள்ளி வைக்கும்போது ஒரு சொட்டும் வெளியே சிந்தவில்லை. நான்கு வரிசை ஏறியபின் தூக்குக்குண்டைப் பிடித்தார். நூல் ஆடி நிற்கும் வரை மூச்சை அடக்கிக்கொண்டு நின்றவர், கல்லின் முகத்துக்கும் நூலுக்கும் இடையில் சுண்டுவிரல் நகத்தின் கனத்துக்கு ஒரு விலகல் இருப்பதைக் கண்டு, ஒன்றும் பேசாமல் மேல் வரிசையை எடுத்து மறுபடி வைத்தார். மதிப்பீட்டாளர் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். எவரும் கவனித்திராத பிழை அது.

பிறகு வரைபடத்தைக் கொடுத்தார்கள். அளவுகள் எல்லாம் மில்லிமீற்றரில் இருந்தன. அவர் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, வெட்கத்தோடு திருப்பிக் கொடுத்தார். அவருடைய அளவுநாடாவின் ஒரு விளிம்பில் அங்குலமும் மறுவிளிம்பில் சென்ரிமீற்றரும் இருந்தும், பத்து வருடமாக அந்த மறுவிளிம்பை அவர் பார்த்ததே இல்லை. வரைபடம் வாசிக்கும் அந்தப் பாட அலகுக்கு மட்டும் ‘இன்னும் தேர்ச்சி பெறவில்லை’ என்று எழுதினார்கள். அடுத்த சில வாரங்கள், வேலை முடிந்து போகும் வழியில் அலுவலக வாசலில் நின்று, நானும் அவரும் அதே நாடாவை வைத்துக் கதவு, ஜன்னல், வேப்பமரத்தின் சுற்றளவு எல்லாவற்றையும் அளந்தோம். இரண்டு மாதத்தில் அவர் திரும்பப் போய் அந்த அலகையும் முடித்தார். இதற்கு அரசாங்கத்துக்கு ஒரு ரூபாவும் மேலதிகமாகச் செலவாகவில்லை. ஆனால் இதைச் செய்யும்படி எந்தச் சுற்றறிக்கையும் எனக்குச் சொல்லவுமில்லை. என் கடமைப் பட்டியலில் அளவுநாடாவுக்கு இடம் கிடையாது.

நான் சொல்ல வந்த விடயம் இங்கேதான் தொடங்குகிறது. பயிற்சிக்கு ஆள் சேர்ப்பது ஒரு நிறுவனத்தின் இலக்கு. அதற்கு எண்ணிக்கை உண்டு. பயிற்சியை முடித்துச் சான்றிதழ் கொடுப்பது இன்னோர் இலக்கு; அதற்கும் எண்ணிக்கை உண்டு, விழாவும் உண்டு, மாலையும் மங்கள விளக்கும் உண்டு. சான்றிதழ் கைக்கு வந்த நாளிலிருந்து முதற் சம்பளம் கைக்கு வரும் நாள் வரையிலான காலம் மட்டும் எவருடைய இலக்கிலும் இல்லை. அந்த இடைவெளி சிலருக்கு மூன்று மாதம், சிலருக்கு எட்டு மாதம். எங்கள் பிள்ளைகளில் பலரை நாங்கள் இழப்பது வகுப்பறையில் அல்ல, அந்த மாதங்களில்.

அது எப்படி நடக்கிறது என்பதை வளிச்சீராக்கித் தொழிலை வைத்தே சொல்லலாம். ஒரு பையன் வகுப்பை முடித்து, வேலைத்தளப் பயிற்சியையும் முடித்து, மதிப்பீட்டுக்கு முகங்கொடுத்துச் சான்றிதழும் பெற்றுவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். நிலாவெளியிலோ உப்புவெளியிலோ ஒரு ஹோட்டலில் பராமரிப்பு வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். சம்பளம் மாத முடிவில். அதுவரை அறை வாடகையும் பஸ் காசும் சாப்பாடும் அவன் கையிலிருந்து. தனியாகத் தொழில் செய்வதென்றால் வாயுவின் அழுத்தம் பார்க்கும் கேஜ் செட், வெற்றிடப் பம்பி, செப்புக் குழாயின் வாயை விரிக்கும் கருவி இவை மூன்றும் இல்லாமல் ஒரு வீட்டு வாசலுக்கும் போக முடியாது. 2022இல் ரூபா சரிந்தபின் அந்த மூன்றின் விலையையும் கேட்டால், சின்ன வள்ளத்தோடு கடலுக்குப் போகும் தகப்பனுக்குத் தலை சுற்றும். உபகரணத் தொகுதி கொடுக்கும் திட்டங்கள் அவ்வப்போது வருகின்றன, இல்லையென்று சொல்லவில்லை. ஒரு தடவை கொடுத்த பெட்டியில் சுத்தியலும் குறடும் திருப்புளியும் இருந்தன. மேடையில் படமெடுக்க அழகான பெட்டி. ஆகவே பையன் என்ன செய்கிறான்? அண்ணனின் ஓட்டோவை இரவல் வாங்கி ஓட்டுகிறான், அல்லது தகப்பனோடு வலை இழுக்கப் போகிறான். ஒரு வருடம் கழித்து அவனைச் சந்தையில் கண்டால் செப்புக் குழாயை மறந்திருப்பான். அவனுடைய பெயர் மட்டும் பயிற்சி பெற்றோர் பட்டியலில் பத்திரமாக இருக்கும்.

எங்கள் கடற்கரைக்கென்று வேறொரு சிக்கலும் இருக்கிறது. திருகோணமலையில் உல்லாசப் பயணிகள் வருவது ஏறத்தாழ சித்திரையிலிருந்து புரட்டாதி வரை. புறாமலைக்குப் படகு ஓடுவதும், திமிங்கிலம் பார்க்கப் போவதும், ஹோட்டல்களுக்கு ஆள் தேவைப்படுவதும் அந்த மாதங்களில்தான். ஐப்பசியில் வாடைக்காற்றுத் தொடங்கினால் பாதி அறைகள் பூட்டிக்கிடக்கும். அரசாங்கப் பாடநெறிகளின் நாட்காட்டியோ நாடு முழுவதற்கும் ஒன்று. அறைப் பராமரிப்பும் சமையலும் பயின்ற ஓர் அணியை வேலைத்தளப் பயிற்சிக்கு அனுப்ப வேண்டிய நேரம் கார்த்திகையில் வந்து விழுந்தது. கூரை ஒழுகும் ஹோட்டலில் அந்தப் பிள்ளைகள் விரிப்பு மடித்துப் பழகியதைவிட வாளியில் தண்ணீர் ஊற்றிப் பழகியதே அதிகம். அவுஸ்திரேலிய அரசின் உதவியோடு திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை, பொலன்னறுவை ஆகிய நான்கு மாவட்டங்களில் சுற்றுலாவை மையமாக வைத்து நடந்த திறன் அபிவிருத்தித் திட்டத்தில், தொழில் நடத்துபவர்களையும் ஒரே மேசையில் உட்காரவைத்துப் பேசும் வழக்கம் இருந்தது. திட்டம் முடிந்ததும் மேசையும் போய்விட்டது. வெளிநாட்டு உதவியில் நமக்கு வழக்கமாக மிஞ்சுவது ஒட்டிய இலச்சினைகள்தான்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் கிட்டத்தட்ட அக்கம்பக்கமாக வாழும் மாவட்டம் இது. 11 பிரதேச செயலகப் பிரிவுகளில் எதில் போய் நின்றாலும் இரண்டு மொழி காதில் விழும். 1990ஆம் ஆண்டு இளைஞர் ஆணைக்குழு ஆங்கிலத்தைத் தெற்கின் பிள்ளைகள் ‘கடுவ’, அதாவது வாள், என்று அழைப்பதைக் கவனித்தது. எங்கள் பிள்ளைகளின் கழுத்துக்கு இரண்டு வாள்கள். வெல்டிங் வகுப்பைத் தமிழில் முடித்த பையன் கொழும்புப் பக்கத்து வேலைத்தளத்தில் போர்மன் சொல்வதைப் புரிந்துகொள்ளச் சிங்களம் வேண்டும். இயந்திரத்தின் கையேட்டைப் படிக்க ஆங்கிலம் வேண்டும். தமிழில் கற்பிக்கத் தெரிந்த போதனாசிரியரும் தமிழில் மதிப்பிடும் மதிப்பீட்டாளரும் கிடைக்காமல் ஓர் அணி மாதக்கணக்கில் காத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஒரு பாடநெறிக் கையேட்டின் தமிழ்ப் பதிப்பில் ‘பற்றுதல்’ என்று வர வேண்டிய இடத்தில் ‘பட்டாளம்’ என்று அச்சாகியிருந்தது. ஈயப்பற்றுப் படிக்க வந்த பிள்ளைகள் பட்டாளத்துக்குப் போவதா என்று கேட்டுச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பிறகு வீட்டுக்கு வந்து யோசித்தபோது சிரிப்பு வரவில்லை.

பெண்பிள்ளைகள் விடயத்தில் எனக்குக் கோபமே வரும். நாட்டில் ஆண்களில் பத்துக்கு ஏழு பேர் தொழிற்படையில் இருக்க, பெண்களில் மூவரில் ஒருவர் மட்டும்தான் இருக்கிறார். பெண் பிள்ளை ஒருத்தி விண்ணப்பத்தோடு வந்தால் தையல், அழகுக்கலை, கேக் அலங்காரம், முன்பள்ளி ஆசிரியர் என்ற நான்கு பெயர்கள் எல்லார் வாயிலும் தயாராக இருக்கும், என் வாயிலும் உட்பட. மின்னிணைப்பு வேலை படிக்க வேண்டும் என்று அடம்பிடித்த ஒருத்தியைக் கிளிநொச்சி அறிவியல்நகரிலுள்ள இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகத்துக்கு அனுப்ப முயன்றேன். 2016இல் திறக்கப்பட்ட அந்த நிறுவகம் வடக்கு கிழக்குப் பிள்ளைகளுக்குக் கிடைத்த நல்ல வாய்ப்பு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. தகப்பன் ஒத்துக்கொண்டார், தாய் ஒத்துக்கொண்டார், அம்மம்மா ஒத்துக்கொள்ளவில்லை. இப்போது அவள் தையல் படிக்கிறாள். வகுப்பில் மோட்டர் பழுதான தையல் இயந்திரங்களை அவள்தான் திருத்துகிறாளாம்.

இனி, அந்த உம்மாவின் கேள்விக்கு வருகிறேன். ஒரு கையால் அரசாங்கம் தொழிற்பயிற்சியை நீட்டுகிறது. மறு கையால், தேர்தல் நெருங்கும்போது, அரச நியமனத்தை ஆட்டிக் காட்டுகிறது. 2020இல் பட்டதாரிகளுக்கு மட்டுமன்றி, குறைந்த வருமானக் குடும்பங்களிலிருந்து சாதாரண தரத்தை எட்டாத ஒரு இலட்சம் பேரை எடுப்பதற்காகப் பல்நோக்கு அபிவிருத்திச் செயலணி என்ற திணைக்களமே உருவாக்கப்பட்டது. எடுக்கப்பட்டவர்கள் ஏழைகள், அவர்கள் வீட்டில் அடுப்பெரிந்ததை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் என் ஊரில் அந்த வருடம் வெல்டிங் வகுப்பில் நான்காம் மட்டத்தை எட்டும் தறுவாயில் இருந்த இருவர், வகுப்பை விட்டு அந்தச் செயலணியில் சேர்ந்தார்கள். இப்போது ஒருவர் பாடசாலை ஒன்றின் வளவைக் கூட்டுகிறார், மற்றவர் ஓர் அலுவலக வாசலில் காவல் இருக்கிறார். இருவரும் அந்த முடிவுக்காக வருந்தவில்லை, ஊராரும் அவர்களைப் புத்திசாலிகள் என்றே சொல்கிறார்கள். காத்திருந்தவனுக்குப் பலன் கிடைத்தது; கற்றுக்கொண்டவனுக்குச் சான்றிதழ் கிடைத்தது. இதைப் பார்த்த தாய் வேறு என்ன கேள்வி கேட்பார்? 2025ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் அரச சேவைக்கு 30,000 பேரைச் சேர்ப்பதாக அறிவித்த வாரத்தில், என் மேசைக்கு வருபவர்களின் தொகை பாதியாகக் குறைந்தது. எல்லோரும் வர்த்தமானியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தனியார் வேலை என்றதும் முகம் சுளிப்பதற்கு இன்னொரு காரணம் ஓய்வூதியம். ‘பென்சன் இல்லாத உத்தியோகம் காத்துல கட்டின கயிறு’ என்று என் மாமா சொல்லுவார். 1958ஆம் ஆண்டிலிருந்து ஊழியர் சேமலாப நிதி இருக்கிறது, சம்பளத்தில் 8 வீதத்தைத் தொழிலாளியும் 12 வீதத்தை முதலாளியும் செலுத்த வேண்டும், அதற்கு மேல் 3 வீதம் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குப் போகும் என்பதை ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினால் பெற்றோர் வியக்கிறார்கள். ஆனால் அதைச் செலுத்தாமல் நாட்சம்பளம் என்ற பெயரில் ஆட்களை வைத்திருக்கும் முதலாளிமாரும் இருக்கிறார்கள்; பிள்ளைகள் நியமனக் கடிதம் கேட்டால், கடிதம் வேண்டுமென்றால் கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, போ என்கிறார்கள். பயிற்சி பெற்ற பிள்ளையை வேலைக்கு அனுப்பும் முன் அந்த இடத்தில் சேமலாப நிதி கட்டுகிறார்களா என்று நான் இப்போது விசாரிக்கிறேன். இதனால் இரண்டு முதலாளிகள் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள்.

பெரிய திட்டங்கள் வரும், வேலை கொட்டும் என்ற பேச்சு எங்கள் ஊருக்குப் புதிதல்ல. துறைமுகமும், சீனக்குடாவில் மாவு ஆலையும், சீமெந்து ஆலையும், 99 எண்ணெய்த் தாங்கிகளும் இருக்கும் ஊர் இது. ஒவ்வோர் ஒப்பந்தமும் பத்திரிகையில் வரும்போது, அதற்கு எந்தக் கோர்ஸ் படிக்க வேண்டும் என்று பத்துப் பேர் கேட்டு வருவார்கள். சம்பூரில் 2006இல் இடம்பெயர்ந்து வருடக்கணக்கில் முகாமில் இருந்துவிட்டுத் திரும்பிய மக்களுக்கு முதலில் நிலக்கரி மின்நிலையம் என்றார்கள்; அது 2016இல் கைவிடப்பட்டது. பிறகு 120 மெகாவாட் சூரியமின் நிலையம் என்று 2025 ஏப்ரலில் அடிக்கல்லும் நாட்டப்பட்டது. சூரியமின் தகடுகளைப் பொருத்தும் காலத்தில் கைகள் நிறைய வேண்டும். பொருத்தி முடிந்தபின் காவலுக்கும் துடைப்பதற்கும் சிலர் போதும். ஆகவே அந்த வேலையை நம்பி வருபவர்களிடம், மின்னிணைப்பு முழுவதையும் படியுங்கள், தகடு அதில் ஒரு பகுதியாக இருக்கட்டும் என்று சொல்கிறேன். கேட்பவர்கள் கேட்கிறார்கள். மற்றவர்கள் கொரிய மொழி வகுப்புக்குப் போகிறார்கள். 2022இல் மட்டும் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் தொழிலுக்காக நாட்டை விட்டுப் போனபின், நாட்டுக்குள்ளே ஒரு தொழிலைத் தேடச் சொல்வதற்கே சில வேளைகளில் கூச்சமாக இருக்கிறது.

நாட்டின் மொத்த வேலையின்மை 5 வீதத்தை ஒட்டி நிற்கும்போது, 15க்கும் 24க்கும் இடைப்பட்ட வயதினரிடம் அது 20 வீதத்தைத் தாண்டி நிற்பது வருடாவருடம் புள்ளிவிபரத் திணைக்களத்தின் ஆய்வில் வருகிறது. அந்த எண்ணை இறக்குவது என் போன்ற ஒருத்தியின் மேசையால் ஆகிற காரியமல்ல என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் போன தைமாதம் ஒரு நீலமட்டைக் கொப்பி வாங்கினேன். எங்கள் பிரிவிலிருந்து பயிற்சியை முடித்துச் சான்றிதழ் பெற்றவர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் அதில் இருக்கின்றன. மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை மாலை, அலுவலகம் ஓய்ந்தபின், ஒவ்வொருவருக்கும் அழைப்பேன். முதற் சம்பளம் எடுத்தாயிற்றா என்ற ஒரு கேள்விதான். எடுத்தாயிற்று என்றால் பெயருக்கு நேரே கோடு. இல்லையென்றால், எதில் தட்டுகிறது என்று எழுதிக்கொள்வேன்: அறை வாடகை, கருவி, சிங்களம், அம்மா விடவில்லை, சப்பாத்து. ஆம், சப்பாத்து. தொழிற்சாலைக்குள் போகப் பாதுகாப்புச் சப்பாத்து இல்லாததால் ஒரு பையன் மூன்று வாரம் வீட்டில் இருந்திருக்கிறான். அவனுடைய கால் அளவு 8. என் அண்ணாவுக்கும் அதே அளவு. அவருடைய பழைய சப்பாத்து மறுநாள் பாலத்தைக் கடந்து போயிற்று.

போன வெள்ளிக்கிழமை, விண்ணப்பத்தை நான்காக மடித்துக்கொண்டு போன அந்த உம்மா மறுபடி வந்தார். தாள் அவர் கையிலிருந்தது. மடிப்புகளில் கிழியத் தொடங்கியிருந்தாலும் நிரப்பப்பட்டிருந்தது. மகனின் கையெழுத்து. “வேற ஒண்டும் வரல்ல மகள், அதான்” என்றார். நான் வாங்கிக்கொண்டேன்.

அன்று மாலை கொப்பியைத் திறந்து ஒன்பதாவது எண்ணுக்கு அழைத்தேன். போன வருடம் வளிச்சீராக்கிப் பயிற்சியை முடித்து, பிறகு ஏழு மாதம் ஓட்டோ ஓட்டிய பையன். மறுமுனையில் காற்று இரைந்தது. ஏதோ மொட்டைமாடி போலிருந்தது. “மிஸ், கையில ஸ்பேனர் இருக்கு, பிறகு எடுக்கிறன்” என்று வைத்துவிட்டான். இதை எழுதும் வரை அவன் திரும்ப எடுக்கவில்லை.